எளிய நெட்புக்கிற்கு ஏற்ற லினக்ஸ்

பள்ளி அலமாரிகளிலும் வட்டார அலுவலகங்களின் மேசை அறைகளிலும் பழைய நெட்புக் கணினிகள் பயனின்றிக் கிடப்பதைக் காணலாம். திரை தெளிவாக இருக்கும், விசைப்பலகையும் பழுதுபட்டிராது, ஆயினும் இயக்கிய பின் நெடுநேரம் காத்திருந்தாலன்றி ஒரு கடிதம் எழுதவும் இயலாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அதை ஒதுக்கிவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது. உண்மையில், அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய சுமை அதன்மீது ஏற்றப்பட்டிருப்பதே காரணமாக இருக்கக்கூடும். தக்க இயங்குதளத்தை நிறுவினால் இத்தகைய கணினிகள் பல மீண்டும் பணிக்கு வரும். ஆனால் அத்தேர்வு, பிறர் புகழும் பெயரைக் கொண்டு செய்யப்படலாகாது. கையிலுள்ள கணினியின் இயல்பை அறிந்தே செய்யப்பட வேண்டும்.

சிறு கணினியின் வரலாறு

தைவான் நாட்டு ஏசஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'ஈ பீ.சி. 701' என்னும் சிறு கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரையும் 512 மெகாபைட் நினைவகமும் 4 கிகாபைட் சேமிப்பகமும் கொண்ட அக்கணினி லினக்ஸில் இயங்கிற்று. ஆகவே லினக்ஸும் நெட்புக்கும் தொடக்கம் முதலே உடன் வளர்ந்தவை எனலாம். மறு ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 'ஆட்டம்' செயலிகள் வந்தன. அவற்றுள் என்270 என்பது 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது. வெப்ப அளவு 2.5 வாட் மட்டுமே. அதனுடன் 1 கிகாபைட் நினைவகமும் 1024க்கு 600 புள்ளிகள் கொண்ட திரையும் அமைவது வழக்கமாயிற்று.

இக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 நிறுவப்பட்டிருந்தது. முன்னதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடனும், பின்னதற்கு உரியவை 2020 ஜனவரி 14ஆம் நாளுடனும் பொதுப் பயனாளர்க்கு நின்றுபோயின. அதன் பின் கண்டறியப்படும் குறைபாடுகள் அடைக்கப்படுவதில்லை. மாணவர் விவரங்களையும் பயனாளிகளின் பட்டியல்களையும் தாங்கிய கணினியை அந்நிலையில் இணையத்தோடு இணைப்பது, பதிவேடுகள் உள்ள அறையைப் பூட்டாமல் செல்வதை ஒக்கும்.

லினக்ஸின் உட்கருவை 1991ஆம் ஆண்டில் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அவ்வுட்கருவுடன் வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துப் பல குழுவினர் தனித்தனித் தொகுப்புகளாக அளிக்கின்றனர். உட்கரு ஏறக்குறைய ஒன்றே. அதன்மேல் அமையும் திரைச்சூழலே ஒரு தொகுப்பைப் பளுவுள்ளதாகவோ இலேசானதாகவோ ஆக்குகிறது.

முதற்கண் அறிய வேண்டியது

செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதே முதல் வினா. என்270, என்280 ஆகியவை 32 பிட் மட்டுமே அறிந்தவை. 2010ஆம் ஆண்டில் வந்த என்450, என்455, 2011இல் வந்த என்570 ஆகியவை 64 பிட் வகையின. செயலியின் பெயர் கணினியைத் தொடங்கும்போது தோன்றும் அமைப்புத் திரையில் பெரும்பாலும் காணப்படும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. டெபியன் தொகுப்பின் 12ஆம் பதிப்பு (2023 ஜூன்) 32 பிட் கணினிகளில் நிறுவத்தக்கது. 13ஆம் பதிப்பில் (2025 ஆகஸ்டு) அவ்வசதி நீக்கப்பட்டது. கூகுள் குரோம் உலாவி 32 பிட் லினக்ஸை 2016 மார்ச்சிலேயே கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் 144ஆம் பதிப்பே அவ்வகைக்கு உரிய கடைசிப் பதிப்பு. நீண்டகாலப் பராமரிப்புக்கு உரிய 140ஆம் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் அளிக்கப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. எனவே 32 பிட் கணினிக்கு இணையத்தைச் சாராத பணிகளை ஒதுக்குவதே அறிவுடைமை. கடிதம் எழுதுதல், மதிப்பெண் பட்டியல் தயாரித்தல், பாடநூல் கோப்புகளைப் படித்தல், தட்டச்சுப் பயிற்சி ஆகியவற்றை அது இன்னும் நன்கு செய்யும்.

நினைவகம் அடுத்தது. 1 கிகாபைட்டை 2 கிகாபைட்டாக உயர்த்த இடமிருப்பின், எந்த மென்பொருள் மாற்றத்தினும் அதுவே மிகுந்த பயன் தரும். க்னோம், கே.டி.ஈ. முதலிய முழுமையான திரைச்சூழல்கள் இச்சிறு கணினிகளுக்குப் பொருந்தா. 2 கிகாபைட் இருந்தால் எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஏற்றது. 1 கிகாபைட் மட்டுமே இருந்தால் எல்.எக்ஸ்.டி.ஈ. அல்லது ஐஸ்.டபிள்யூ.எம். போதுமானது. நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கி வைக்கும் 'இசட்-ரேம்' என்னும் ஏற்பாடும் ஓரளவு துணை செய்யும்.

தொகுப்புகள்

டெபியன் 12ஐ எல்.எக்ஸ்.டி.ஈ. சூழலுடன் நிறுவுவது நிதானமான வழியாகும். கம்பியில்லா இணைப்புக்கு வேண்டிய சாதன மென்பொருள்கள் இப்பதிப்பு முதல் நிறுவும் தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளமையால், முன்பிருந்த ஒரு தொல்லை குறைந்துள்ளது. 64 பிட் நெட்புக்கில் 13ஆம் பதிப்பை நிறுவலாம்.

டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிக்ஸ், பழைய கணினிகளுக்கென்றே அமைக்கப்பட்டது. ஐஸ்.டபிள்யூ.எம். சூழலுடன் வருவதால் மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும். 2023இல் வெளியான அதன் 23ஆம் பதிப்பு 32 பிட், 64 பிட் என இரு வகையிலும் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பாரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், முழுவதும் நினைவகத்தில் ஏறி இயங்கவல்லது. வன்தட்டு பழுதான கணினியையும் பென்டிரைவிலிருந்து இயக்கும். ஆனால் அதில் பயனாளர் வழக்கமாக நிருவாகியின் முழு அதிகாரத்துடனேயே இயங்குவதால், பலர் கையாளும் அலுவலகக் கணினிக்கு அது ஏற்றதன்று.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. இந்திய மொழிகளுக்கான வசதிகள் அதில் சிறப்பாக இடம்பெற்றுள்ளன. எனினும் முழுமையான திரைச்சூழலுடன் வருவதாகையால், நினைவகம் குறைந்த நெட்புக்கில் சோதித்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.

நிறுவுமுன் சோதனை

முதலில் கணினியிலுள்ள கோப்புகள் யாவும் வேறிடத்தில் படியெடுக்கப்பட வேண்டும். நிறுவும்போது வன்தட்டு அழிக்கப்பட்டால், இழந்த பதிவேட்டை மீட்பது அரிது. பின்னர், தேர்ந்த தொகுப்பைப் பென்டிரைவில் பதிந்து, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்க வேண்டும். கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் கணினி விழித்தெழுகிறதா, ஒளிவீழ்த்தியில் படம் தெரிகிறதா என்பனவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வது நன்று. என்2600, என்2800 செயலிகளின் வரைகலைப் பகுதிக்கு லினக்ஸில் போதிய ஆதரவு இல்லாமையால், அவற்றில் ஒளிக்காட்சிகள் தடுமாறும்.

600 வரிகளே உள்ள திரையில் சில சாளரங்களின் கீழ்ப்பொத்தான்கள் மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியவாறு சுட்டியால் சாளரத்தை மேலே இழுத்தால் அவை வெளிப்படும். தமிழில் எழுத ஐ-பஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் மென்பொருளைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும். லோகித் தமிழ் எழுத்துரு கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இயங்குதளத்தை இலேசாக்கினாலும் இணையப் பக்கங்கள் இலேசாவதில்லை என்பதை மறத்தலாகாது. இக்காலத்து ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். நெட்புக்கில் ஒரு நேரத்தில் ஓரிரு பக்கங்களுக்கு மேல் திறவாதிருப்பதே தக்கது.

பணி முடிந்ததும், நிறுவிய தொகுப்பின் பெயர், பதிப்பு, நிறுவிய நாள், பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுறும் நாள் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டிவிடுவது நல்லது. அலுவலர் மாறினாலும் ஆசிரியர் மாறினாலும், அக்கணினியை இணையத்தில் இணைக்கலாமா, எழுத்துப் பணிக்கு மட்டும் வைத்துக்கொள்வதா என்பதை அடுத்து வருபவர் அச்சீட்டைக் கொண்டே முடிவு செய்துகொள்வார்.