சேற்றுப்புண்ணும் யானைக்கால் ஜுரமும்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் கவட்டில் நெறி கட்டும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையும் கவட்டையும் இணைப்பவை நிணநீர்க் குழாய்கள். திசுக்களில் கசியும் நீரை வடித்து மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை. புண் வழியே நுழையும் கிருமி, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அந்தக் குழாயையே தாக்கினால் புண்ணிலிருந்து கவட்டை நோக்கித் தோலில் சிவப்புக் கோடு ஏறும், குளிர்ஜுரமும் சேர்ந்துகொள்ளும். இதுதான் நிணநீர்க் குழாய் அழற்சி.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்குத் தனிக் கணக்கு கிடைப்பது கடினம். செல்லுலைட்டிஸ் எனும் தோலடி அழற்சியோடு சேர்த்தே பெரும்பாலும் பதிவாகிவிடுகிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு அவ்வளவாக வராது. சர்க்கரை நோயாளிகளும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிகளை அகற்றிக்கொண்டவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் யானைக்கால் உள்ளவர்களின் கதை வேறு. உலகில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இந்நோயால் கால் வீங்கியிருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடத்திவரும் புழு, நிணநீர்க் குழாய்க்குள் ஆறேழு ஆண்டுகள் குடியிருந்து அதைத் தொளதொளக்க வைத்துவிடுகிறது. நீர் வடியாமல் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி கொழிக்கிறது. இவர்களில் பலருக்கு இந்த ஜுரம் ஆண்டுக்குப் பலமுறை வரும். வந்துபோகும் ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும்.

இந்த ஜுரத்துக்கும் புழுவே காரணம் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். பிரேசிலின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெருசா ட்ரேயர் குழுவினர் நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தபோது இரண்டு வகை தெரிந்தது. புழு சாவதால் வரும் அழற்சி மேலிருந்து கீழே இறங்கும், அது குறைவு. காலை வீங்கவைக்கும் ஜுரத்தில் பெரும்பங்கு பாக்டீரியாவால் வருவது. அது நுழையும் வாசல், கால்விரல் இடுக்கில் நாம் அலட்சியப்படுத்தும் சேற்றுப்புண். கொசுவை விரட்டப் பெரிய திட்டம் வேண்டும். விரலிடுக்கைக் கழுவ ஒரு சோப்பு போதும். என் பார்வையில் இந்நோய் பற்றிய ஆய்வுகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு தடவினாலே ஜுரம் வெகுவாகக் குறைகிறது. சிவப்புக் கோடு தெரிந்தால் பற்றுப் போட்டு நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் கேட்கும் நோய் இது. யானைக்கால் நோயாளிகளுக்கு பேசின், மக், சோப்பு, துண்டு அடங்கிய பராமரிப்புப் பெட்டியை அரசுத் திட்டத்தில் வழங்குகிறார்கள். வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.