குரல் போன நாயும் குரைக்கும்

அழைப்பு மணி அடிக்கிறது. ஷெல்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஷெட்லாண்ட் ஷீப்டாக் ஒன்று வாசலுக்குப் பாய்கிறது. முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. வாய் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் வயிறு உள்வாங்கிக்கொள்கிறது. ஆனால் வெளியே வருவது, தொண்டை கட்டியவர் கனைப்பதைப் போன்ற ஒரு கரகரப்பு மட்டுமே. அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடினால் அதுவும் காதில் விழாது.

அந்த நாய்க்குக் குரல்நாண்களை வெட்டும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கண்காட்சிகளுக்காகப் பல நாய்களை ஒரே இடத்தில் வளர்ப்பவர்களும், அக்கம்பக்கத்தாரின் புகாருக்கு ஆளானவர்களும் இந்த வழியை நாடியிருக்கிறார்கள். மந்தை மேய்க்கும் இனமான ஷெல்டி, குரைப்பதில் சளைக்காதது. அதனால் இந்தக் கத்திக்கு அது அதிகம் தப்புவதில்லை.

கத்தி படும் இடம்

நாயின் குரல்வளைக்குள் எதிரெதிராக இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்யும்போது ஓசை பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் 2012-இல் 113.1 டெசிபல் அளவுக்குக் குரைத்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. அவ்வளவு ஓசையும் இந்தச் சின்ன மடிப்புகளில் பிறப்பதுதான்.

இவற்றை வெட்ட இரண்டு வழிகள் உண்டு. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே கருவியைச் செலுத்தி நாண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுப்பது ஒரு வழி. வெளியே தையல் இருக்காது. வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மிச்சமிருக்கும் திசு வளர்ந்து, சில மாதங்களில் குரல் ஓரளவு திரும்பிவிடுவதுண்டு. கழுத்தின் அடிப்பக்கத்தைக் கீறி, குரல்வளையைத் திறந்து நாண்களை அகற்றுவது இன்னொரு வழி. பலன் கூடுதல் காலம் நிற்கும், அறுவையும் பெரிது. எந்த வழியில் போனாலும் முழு அமைதிக்கு உத்தரவாதம் கிடையாது.

பெரிய வில்லங்கம் தழும்புதான். இருபுறமும் வெட்டுப்பட்ட விளிம்புகள் ஆறும்போது, நடுவில் ஒட்டிக்கொண்டு சவ்வாக வளரலாம். மூச்சுக்காற்று போய்வரும் இடைவெளியே அங்கேதான் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக இரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றுவழி குறுகிவிட்டால், வெயிலில் ஓடும் நாய் சூட்டை வெளியேற்ற முடியாமல் மயங்கி விழும் அபாயம் உண்டு. சவ்வை அகற்ற மறுபடியும் அறுவை செய்தால், அதுவும் தழும்பாகலாம்.

குரைப்பில் சேதி இருக்கிறது

ஹங்கேரியின் புடாபெஸ்டில் உள்ள ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீட்டர் போங்ராட்ஸ், சாபா மோல்னார், ஆடம் மிக்லோஷி ஆகியோர் முடி என்ற ஹங்கேரிய மேய்ப்பு நாய்களின் குரைப்பைப் பதிவு செய்தார்கள். அந்நியரைக் கண்டபோது, தனியே கட்டிப்போட்டபோது, பந்தைக் கேட்டபோது, உலாவக் கிளம்பியபோது எனப் பல சூழல்களில் பதிவுகள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கேட்டவர்கள், குருட்டு ஊகத்தில் கிடைப்பதைவிடத் தெளிவாகச் சூழலை அடையாளம் கண்டார்கள். நாயே வளர்த்திராதவர்களும் இதில் பின்தங்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர்களாலும் முடிந்தது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. தாழ்ந்த சுருதியில், முரட்டுத்தனமாக, இடைவெளியின்றி வரும் குரைப்பைக் கோபம் என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உயர்ந்த சுருதியில், விட்டுவிட்டு வருவது அச்சத்தையோ தவிப்பையோ உணர்த்துகிறது.

நாண்களை வெட்டும்போது சுருதி வேறுபாடுதான் முதலில் அடிபடுகிறது. எல்லாமே ஒரே கரகரப்பாகிவிடுகிறது. உறுமலும் மங்கிவிடலாம். தன் சாப்பாட்டுத் தட்டில் கைவைக்கும் குழந்தையை எச்சரிக்க நாய் உறுமினாலும் அது குழந்தைக்குக் கேட்காமல் போகலாம்.

கண்ணால் கேட்பது

எனவே இப்படிப்பட்ட நாயோடு வாழ்பவர்கள் காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விறைத்த உடல், சிலிர்த்த பிடரி, மடிந்த காது, கால்களுக்கிடையே ஒடுங்கிய வால் ஆகியவற்றைக் கவனிக்கப் பழக வேண்டும். வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும். கழுத்துப்பட்டையை இழுத்து நடத்துவதைவிட, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை தொண்டைக்கு நல்லது. அறையில் அடைபட்டால் கூப்பிட்டுச் சொல்ல முடியாது என்பதால் பட்டையில் ஒரு மணியைக் கட்டிவிடலாம்.

தண்ணீர் குடித்ததும் இருமுகிறதா, மூச்சை உள்ளே இழுக்கும்போது சீறல் கேட்கிறதா, சிறிது ஓடினாலே தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். வேறெந்த சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும், குரல்நாண் வெட்டப்பட்ட நாய் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். வழக்கமான அளவுள்ள மூச்சுக்குழாய் உள்ளே போகாமல், சிறிய குழாய் தேவைப்படலாம்.

வீட்டை விட்டுத் துரத்தப்படுவதைவிட, கருணைக்கொலையைவிட குரல்நாணை வெட்டுவது மேல் அல்லவா என்று இதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சட்டங்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. 1987-இல் கையெழுத்துக்கு வந்த ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை, காது, வால் வெட்டுவதோடு குரல் அறுப்பதையும் தடை செய்யச் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், குரல் அறுக்கப்பட்ட லோகன் என்ற நாயின் பெயரால் 2010-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு.

அறுவைக்குப் பிறகும் நாய் குரைத்துக்கொண்டேதான் இருக்கிறது என்றால், குரைக்க வைத்த காரணம் அப்படியே இருக்கிறது என்று பொருள். தனிமைத் தவிப்பு என்றால் அதற்குப் பயிற்சியும் மருந்தும் உண்டு. ஜன்னலில் தெரியும் நடமாட்டம் என்றால் திரை போதும். ஓட்டமில்லாத சலிப்பு என்றால் தினமும் உலாவ அழைத்துப் போனால் குறையும். வயதான நாய் திடீரென்று ஓயாமல் குரைத்தால் வலியோ செவிட்டுத்தனமோ இருக்கலாம். உங்கள் நாயின் குரைப்பு தாங்க முடியாமல் போகும் நாளில், அதை வாயடைக்க வழி கேட்பதற்கு முன், எதற்காகக் குரைக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.