பிட்டொரென்ட்

பிட்டொரென்ட் என்பது பெரிய கோப்புகளை இணையத்தில் பலர் தமக்குள் பகிர்ந்துகொள்ள உதவும் நெறிமுறை ஆகும். 2001 ஆம் ஆண்டு பிராம் கோகன் என்னும் அமெரிக்க நிரலாளர் இதனை உருவாக்கினார். டெபியன், உபுண்டு போன்ற லினக்சு வழங்கல்கள் தமது நிறுவல் படிமங்களை இவ்வழியிலும் வெளியிடுகின்றன.

செயற்பாடு

கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. பதிவிறக்குபவரின் கணினி அவற்றைப் பல கணினிகளிலிருந்து பெற்று, பெற்றவற்றைப் பிறருக்கும் அளிக்கிறது. துண்டுகளைச் சரிபார்ப்பதற்கான ஹாஷ் மதிப்புகள் டொரென்ட் கோப்பின் வழியே கிடைக்கின்றன. முதற் பதிப்பு இதற்கு எஸ்.எச்.ஏ-1 முறையையும், இரண்டாம் பதிப்பு எஸ்.எச்.ஏ-256 முறையையும் பயன்படுத்துகின்றன. பொருந்தாத துண்டு நிராகரிக்கப்பட்டு மீண்டும் பெறப்படும். ஆகவே இடையிலுள்ள அறிமுகமற்ற கணினிகள் கோப்பை எளிதில் மாற்ற இயலாது.

பாதுகாப்பு

டொரென்டை உருவாக்கியவர் அளித்த கோப்பே வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே இச்சோதனை உறுதிசெய்யும். அவர் நம்பத்தக்கவரா என்பதைக் கூறாது. தீநிரல் கலந்த கோப்பும் இதில் தேறும்.

2016 பெப்ரவரியில் லினக்சு மின்ட் தளம் ஊடுருவப்பட்டு, ஒரு பதிவிறக்க இணைப்பு தீநிரல் கலந்த படிமத்துக்குத் திருப்பப்பட்டது. டொரென்ட் வழியே பெற்றவர்கள் பாதிக்கப்படவில்லை என அத்திட்டத்தினர் அறிவித்தனர். அடுத்த மாதம் டிரான்சுமிசன் என்னும் டொரென்ட் மென்பொருளின் 2.90 ஆம் பதிப்பில், மாக் கணினிகளைத் தாக்கும் கீரேஞ்சர் என்னும் பணயத் தீநிரல் புகுத்தப்பட்டது. அது அம்மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைத்தது.

எனவே டொரென்ட் கோப்பை வெளியீட்டாளரின் தளத்திலிருந்து பெறுவதுடன், அவரது மின் கையொப்பத்தையும் சரிபார்த்தல் நன்று.

பங்கேற்பவரின் ஐ.பி. முகவரி பிற பங்கேற்பாளர்களுக்குத் தெரியும். பதிவிறக்கும்போதே பதிவேற்றமும் நடைபெறுவதால், காப்புரிமையுள்ள ஆக்கத்தை அனுமதியின்றிப் பெறுபவர் அதனை விநியோகிப்பவரும் ஆகிறார்.