நான்கு கதவும் திறந்திருந்த நாளில்

கெடாவில் பீடோங் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு 1980களின் நடுவிலும் மின்சாரம் எஞ்சின் ரூமிலிருந்துதான் வந்தது. மாலை ஆறரைக்கு விளக்கு எரியும், இரவு பத்துக்கு அணையும். கல்யாண வீடென்றாலும் அந்தக் கணக்கு மாறாது. பத்து மணிக்கு மேல் லயத்தில் கேஸ் லைட் வெளிச்சம் மட்டும் இருக்கும். குழாய் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அப்போது ஆபீஸ் கிராணியின் மகன் தம் காடியை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து வைப்பார். விடிகாலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு வரை தோட்டத்துக்குப் பாட்டு அந்தக் காடியிலிருந்துதான்.

அவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிட்டோம். அவருடையது புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9 அன்று வெளியான மலேசியாவின் முதல் சொந்தக் காடி அது. பினாங்குப் பாலம் திறந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் தோட்டத்தில் காடி என்றால் துரைக்கு ஒன்று, கிராணிக்கு ஒன்று, டிரெசருக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று. பால் வெட்டுகிறவர்களுக்குச் சைக்கிளும், பிறகு மோட்டாரும். இன்று நான் இருக்கும் சுங்கை பட்டாணி தாமானில் ஒரு வீட்டுக்கு இரண்டு காடி நிற்கிறது; மூன்றாவதை நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

அன்றைய காடிகள் பெரும்பாலானவற்றின் முகப்பில் ஒரே அளவில் ஒரு துளை இருந்தது: ஏறத்தாழ 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். எந்த நாட்டுக் கம்பெனியின் கேசட் டெக்கும் அந்தக் காடிகளில் பொருந்தியது அதனால்தான். பழைய டெக்கைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பின்னால் வரும் வயர்களின் நிறங்களை அண்ணன் எனக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்தார். மஞ்சள் எப்போதும் பேட்டரியில், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். முன்பக்க ஸ்பீக்கருக்கு வெள்ளை இடம், சாம்பல் வலம். பின்பக்கம் பச்சை இடம், ஊதா வலம். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. கடையில் வாங்கிப் பொருத்தும் பிளேயர்களில் இந்த நிறங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. என் இளமைக்காலத்துப் பொருள்களில் இவ்வளவு மாறாமல் நின்றது வேறொன்று உண்டா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

டெக்கு பின்சீட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே, பிளைவுட்டில் பதித்த 6×9 அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர்களுக்குப் போகும். பெட்டியின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும் கணக்கு வேறு. காடியின் மின்னழுத்தம் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே. ஸ்பீக்கர் 4 ஓம். அன்றைய எளிய டெக்குகள் பல ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாக ஐந்தாறு வாட் கொடுத்தால் பெரிது. அதனால்தான் டேஷ்போர்டுக்குக் கீழே சிவப்பு விளக்குகள் ஏறியிறங்கும் ஈக்வலைசர் பூஸ்டர் வந்தது. கூட்டுப் பணம் எடுத்து அதை வாங்கியவர்களை நான் அறிவேன். இன்று பத்து அங்குலத் திரையுள்ள பிளேயரின் பெட்டியிலும் 45 வாட் நான்கு என்று அச்சடித்திருக்கிறது. தனி ஆம்ப் இல்லாவிட்டால் சுத்தமாகக் கிடைப்பது இருபதை ஒட்டித்தான். மூன்று நான்கு மடங்கு கூடியிருக்கிறது. அதுவும் உண்மையான முன்னேற்றம்தான்.

பாட்டு சுங்கை பட்டாணி டவுனிலிருந்து வரும். கேசட் கடையில் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட நாடா, ஒரு பக்கத்துக்கு அரைமணி, இரண்டு பக்கமும் சேர்ந்து பன்னிரண்டு பாட்டு. அந்தப் பன்னிரண்டும் வரிசை மாறாமல் வருவதால், ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் அடுத்தது எது என்று தோட்டத்துக்கே தெரியும். அது தொடங்குமுன் யாராவது ஒருவர் முதல் அடியைப் பாடிவிடுவார். இன்று என் கைப்பேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் விரல் நுனியில் நிற்கின்றன. அறுபதுகளின் படப் பாட்டையும் நேற்று வந்ததையும் அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது. நாடாவுக்காக நான்கு நாள் காத்திருந்த எங்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பது பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிவதில்லை.

பழுது பார்ப்பது அன்று காதால் செய்யும் வேலை. தோட்டத்துச் செம்மண் சாலையின் புழுதி டெக்குக்குள் புகுந்து ஹெட்டில் படியும். பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் குரல் வெளியே வரும். குரல் அலைந்தால், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையோ பெல்ட்டோ வெயிலில் தளர்ந்திருக்கிறது என்று பொருள். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. சீராக ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் சிறு தடுமாற்றம் வந்தாலும் நாதஸ்வரம் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு ஸ்பீக்கரும் பாடியும் அடித்தாளம் மெலிந்து போனால், ஒன்றின் வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. ஒரு சின்னப் பேட்டரியை வயரில் தொட்டுத் தொட்டு எடுப்பார் அண்ணன். ஒரு கோன் வெளியே தள்ள, மற்றது உள்ளே இழுத்தால் பழுது கண்டாயிற்று. அந்தப் பரிசோதனை இன்றும் செல்லும்.

எல்லாவற்றிலும் கடினமானது இன்ஜின் முனகல். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ஙொய் என்ற ஒலி கூடவே ஏறும். டெக்கின் எர்த் ஓரிடத்திலும் பூஸ்டரின் எர்த் வேறிடத்திலும் பிடித்திருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு பாட்டோடு கலந்துவிடும். புதியவர்கள் டெக்கையே மாற்றுவார்கள். அண்ணன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “தம்பி, எர்த்து எங்க புடிச்சிருக்க?” பெயின்ட்டின் மேல் முடுக்கிய போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இரண்டு கறுப்பு வயரையும் ஒரே இடத்தில் சேர்த்து முடுக்குவார். முனகல் நின்றுவிடும். மத்திய அலையில் தமிழ் வானொலி கேட்டபோது வந்த பட பட சத்தத்துக்கு ஸ்பார்க் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அவருக்கு இந்த அறிவு வந்த வழியில் பினாங்குக்கும் பங்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை எட்டு சாமுராய் என்பார்கள். அவற்றில் காடி ஸ்டீரியோ செய்த கிளாரியனும் ஒன்று. தென்கெடாத் தோட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளும் பையன்களும் அந்தத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு பஸ்ஸில் போய்வந்தார்கள். சர்க்யூட் பலகையையும் சால்டரிங் அயனையும் பற்றிய பேச்சு லயத்துக்கு வந்தது அப்படித்தான். கிளாரியனை 2019இல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் வந்தது ஊஃபர் காலம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்த பின், ரப்பர் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள், 660 சி.சி. கான்சில் வாங்கினார்கள், காடியின் பின்பெட்டியை அடைத்துப் பன்னிரண்டு அங்குல ஊஃபர் வைத்தார்கள். 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டபோது பாடாங் செராய், லூனாஸ் சாலைகளில் அதன் அடித்தாளம் காடி கண்ணுக்குத் தெரியுமுன்பே நெஞ்சில் விழும். ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சின்னக் காடியின் ஹெட்லைட் மங்கி எழும். அந்தச் சத்தத்தைப் பெரியவர்கள் வெறுத்தார்கள். நான் வெறுக்கவில்லை. மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் சொந்தக் குரலைத் தெருவில் ஒலிக்கவிட்ட காலம் அது.

இன்றைய காடிகள் பெரும்பாலானவற்றில் அந்த 18 செ.மீ. துளை இல்லை. திரையும் ஏர்கோனும் ரிவர்ஸ் கேமராவும் ஒரே முகப்பாக வார்க்கப்பட்டிருக்கின்றன. ஆண்ட்ராய்டு பிளேயர் மாட்ட வேண்டுமானால் அந்த மாடலுக்கென்றே செய்த சட்டம் வேண்டும்; ஸ்டியரிங் பொத்தான்களின் பேச்சைப் பிளேயருக்குப் புரியவைக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். பழுது சத்தத்தில் தெரிவதில்லை. கைப்பேசி இணைய மறுக்கிறது, திரை உறைந்து நிற்கிறது, சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் சரியாகிறது; ஏன் சரியானது என்று செய்தவருக்கும் தெரிவதில்லை. மின்னல் எஃப்.எம். வானொலி கரகரத்தால் இப்போது பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக்கை அல்ல. டேஷ்கேமின் வயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாண்டுக்கு முன் என் மைவிக்குப் புதிய பிளேயர் போட்டேன். மூன்று நாள் நிறுத்தி வைத்தால் நான்காம் நாள் காடி எழவில்லை. பொருத்திய கடையில் பேட்டரியைப் பழித்தார்கள். புதிய பேட்டரியும் அதேபோல் செத்தது. பிறகு நானே மீட்டரை நெகட்டிவ் முனையில் தொடராக மாட்டிப் பார்த்தேன். பூட்டி நிறுத்திய காடி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்க வேண்டும். இது 300 இழுத்தது. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஐந்து நாள் கூடத் தாங்காத பளு. சாவியை எடுத்த பின்னும் பிளேயர் முழுதாக உறங்காமல் பாதி விழிப்பில் இருந்திருக்கிறது. மெனுவுக்குள் மெனுவாகப் போய் ஒரு வரியை மாற்றியதும் 20க்கு இறங்கியது. அண்ணனின் சாகாவிலும் இதே நோய் ஒருமுறை வந்தது. யாரோ சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கியிருந்தார்கள். அவர் குனிந்து பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார்.

சாகாவின் பேட்டரி கல்யாண இரவுகளிலும் தீர்ந்துபோகும். பாட்டோடு, கதவு திறந்திருப்பதால் உள்விளக்கும் விடிய விடிய எரியும். பெரட்டுக்குப் போகிறவர்கள் நின்று, பத்துப் பேர் கைவைத்துத் தள்ளுவார்கள். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். 2021இல் புதுப்பித்து வந்த மைவியில் மேனுவல் கியரே கிடையாது. அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கையடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பின்னால் வைத்திருக்கிறேன். யாரையும் எழுப்பாமல் ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது.

ஒலியின் தரத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பே இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நம் காடிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் அருகில், இடக்கதவு தொலைவில். 40 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒலி ஏறத்தாழ 1.2 மில்லி விநாடி பிந்தி வரும். அருகில் உள்ளதை அவ்வளவு நேரம் தாமதிக்கச் செய்யும் டி.எஸ்.பி. ஆம்ப் இப்போது சீட்டுக்கு அடியில் அடங்குகிறது. மகன் அதைக் கைப்பேசியில் அளந்து அமைத்துக் கொடுத்தான். அன்று எங்களுக்கு ஒரே இரைச்சலாகக் கேட்ட பாட்டில் வீணை எங்கே, தபேலா எங்கே, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது டேஷ்போர்டின் மேல் படம் போல விரிகிறது. முதல் நாள் கேட்டபோது கண் கலங்கியது. பக்கத்து சீட்டில் இருந்த மனைவிக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கணக்கு ஓட்டுநர் தலை இருக்கும் இடத்துக்கு மட்டும் போட்டது.

லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. கித்தா நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. அதை வெட்டுகிறவர்கள் வேறு நாட்டுப் பிள்ளைகள். ஹார்வார்ட், விக்டோரியா, பேடனோக் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் இன்னும் சுமந்து நிற்கின்றன. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் முடிந்து திரும்பும் வழியில் பழைய தோட்டத்துப் பக்கம் காடியை விட்டேன். கல்யாண வீட்டு நாடாவில் இரண்டாம் பக்கம் முதலில் வரும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லயம் இருந்த மேட்டுக்குக் கீழே நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். பாட்டு தொடர்ந்தது. வெளியே நின்று கேட்கலாம் என்று கதவைத் திறந்தேன். கதவு திறந்தால் பிளேயர் தானாக அணைந்துவிடும்; இந்தக் காடியில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.