ஸ்டார்ட்டரும் பல்வளையமும்

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் சிப்பிகாட்டின் வயல்கள் தாழ்ந்து கடல்நீர் புகுந்ததை அன்பர்கள் அறிவர். அவ்வுப்புக்காற்றில்தான் நம் பழைய அம்பாசிடரும் நிற்கிறது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டமையால், உதிரிப்பாகம் தேடுவதும் எளிதன்று. அண்மையில் நள்ளிரவில் நோயாளி ஒருவரை ஏற்றியபோது ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் அசையவில்லை. தள்ளித்தான் கிளப்பினோம்.

மறுநாள் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கினோம். கார்பன் பிரஷ்களில் குறையில்லை. பினியன் நகரும் தண்டில் துருவும் கிரீஸும் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினோம். ஆங்கே மீண்டும் கிரீஸ் இடுவது பெரும்பிழை, தூசியைப் பற்றிக்கொள்ளும்.

பின் எஞ்சினைக் கையால் திருப்பி, ஃபிளைவீலின் பல்வளையத்தை நோக்கினோம். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் இரு நிலைகளிலேயே நிற்குமாதலால், எதிரெதிரான ஈரிடங்களில் மட்டும் பற்கள் தேய்ந்திருந்தன. வளையத்தைச் சூடேற்றிக் கழற்றிக் கால்வட்டம் திருப்பிப் பூட்டினால் இன்னும் சில்லாண்டு உழைக்கும். அதற்குக் கியர்பெட்டியை இறக்க வேண்டும், மழை ஓயட்டும். அதுவரை இரவில் வண்டியைச் சரிவிலேயே நிறுத்துகிறோம்.