மறுப்பின் காரணம்: ‘தி ரெட் ஸ்லீவ்’ கொரியத் தொடரில் அரசக் குறிப்பும் காதற்கதையும்

திறவுச்சொற்கள்: சாகுக், ஜோசன் அரசமரபு, உய்பின் சொங், கல்லறைக் குறிப்பு, அரண்மனைப் பணிமகளிர், மறுப்பு

முன்னுரை

கொரிய மொழியில் ‘சாகுக்’ எனப்படும் வரலாற்றுத் தொடர்கள் பெரும்பாலும் ஜோசன் அரசமரபின் (1392–1910) காலத்தைக் களமாகக் கொள்வன. அதற்கு ஆவணச் செழிப்பும் ஒரு காரணம். 25 மன்னர்களின் ஆட்சியைப் பதிவுசெய்த அரசக் குறிப்பேடுகள் 1,893 பகுதிகளாக எஞ்சியுள்ளன. 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. இத்துணைப் பெரிய தொகுதியில் அரண்மனைப் பெண்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அச்சிறிய இடமே தொடர் எழுதுவோர்க்கு வாய்ப்பாகிறது. ஜுங்ஜோங் மன்னரின் குறிப்பேட்டில் ஆங்காங்கே சில வரிகளில் மட்டும் தென்படும் மருத்துவப் பெண் ஒருவர், ‘தே ஜாங் கும்’ என்னும் 54 பகுதிகள் கொண்ட தொடரின் தலைவியானதை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

எம்.பி.சி. தொலைக்காட்சியில் 2021 நவம்பர் முதல் 2022 சனவரி 1 வரை 17 பகுதிகளாக ஒளிபரப்பான ‘தி ரெட் ஸ்லீவ்’ தொடரின் நிலை இதனினும் வேறுபட்டது. காங் மி-காங் எழுதி 2017இல் வெளிவந்த புதினத்தைத் தழுவியது இது. தலைவி சொங் தொகிம் பற்றிய குறிப்புகள் குறைவு. ஆனால் இருப்பவற்றுள் முதன்மையானதை எழுதியவர் மன்னரே. அவர் அவளை விரும்பினார், அவள் மறுத்தாள், அந்த மறுப்பை மறுக்கப்பட்டவரே எழுதிவைத்தார். இவ்வொற்றை மூலத்திலிருந்து தொடர் எதனை ஏற்றது, எதனை மாற்றியது, எதனை விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மன்னர் எழுதிய கல்லறைக் குறிப்பு

ஜொங்ஜோ (ஆட்சிக் காலம் 1776–1800) ஜோசன் மரபின் 22ஆம் மன்னர். இயற்பெயர் யி சான். அவருடைய தந்தை சாதோ பட்டத்து இளவரசராக இருந்தபோது, 1762இல், பாட்டனார் யொங்ஜோவின் ஆணையால் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, 8 நாட்களில் உயிரிழந்தார். தொகிம் (1753–1786) சாதோவின் மனைவி ஹ்யேக்யொங்கின் பொறுப்பில் சிறுவயதிலிருந்து அரண்மனையில் வளர்ந்தவர். 1782இல் மன்னருக்கு ஆண்மகவு ஈன்று, அடுத்த ஆண்டு துணைமனைவியருக்குரிய மிக உயர்ந்த நிலையான ‘பின்’ நிலையை அடைந்தார். உய்பின் என்பது அவ்வாறு பெற்ற பட்டம். மகன் 1786இல் இறந்தான். அதே ஆண்டில், மீண்டும் கருவுற்றிருந்த நிலையில், அவரும் இறந்தார்.

அவருக்காக மன்னர் தாமே கல்லறைக் குறிப்பு எழுதினார். இளமையில் தாம் முதன்முதலாக அவரை அழைத்தபோது, அரசியார்க்கு இன்னும் மகப்பேறு வாய்க்கவில்லை என்பதைக் கூறி அவர் அழுது மறுத்ததையும், உயிரே போயினும் இசையேன் என்று உறுதி கூறியதையும், அதனால் நெகிழ்ந்து தாம் மேலும் வற்புறுத்தாததையும் அதில் பதிவுசெய்கிறார். சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆணையிட்டபோதும் அவர் மறுத்தார். அப்போது அவருடைய பணியாளரைத் தாம் தண்டித்ததாகவும், அதன் பின்னரே அவர் இசைந்ததாகவும் மன்னர் எழுதுகிறார்.

தமிழ் மரபில் கையறுநிலை என்பது இறந்த தலைவனை எண்ணி அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் புலம்புவது. இங்குப் புலம்புபவர் தலைவர். இறந்தவர் அவரைச் சார்ந்திருந்த பணிமகள். இத்தலைகீழ் அமைப்பே இக்குறிப்புக்கு அரிய நெகிழ்ச்சியைத் தருகிறது. எனினும் அந்நெகிழ்ச்சியில் இரண்டு செய்திகள் மறைந்துவிடக் கூடாது. மறுப்பின் காரணம் அரசியாரிடம் கொண்ட பணிவு என்பது மன்னர் வாயிலாகவே நமக்குக் கிடைக்கிறது என்பது ஒன்று. பணிமகள் ஒருத்தி மன்னரை மறுப்பதற்கு வேறெந்தக் காரணத்தையும் வெளிப்படையாகக் கூறியிருக்க இயலுமா என்பது மற்றொன்று. அரசியார்மீதுள்ள மதிப்பு என்பது, மறுக்கும் பெண்ணுக்கும் மறுக்கப்பட்ட மன்னருக்கும் ஒருங்கே மானம் காக்கும் காரணம்.

படியெடுத்த கை

தொகிம் எழுத்தறியாதவர் அல்லர். 1773இல் ‘குவாக்ஜாங்யாங்முன்னோக்’ என்னும் நெடுங்கதையைக் கொரிய எழுத்தில் படியெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். மன்னரின் தங்கையர் இருவரும், யொங்ஹி, க்யொங்ஹி, பொக்யொன் என்னும் பணிமகளிர் மூவரும் அப்பணியில் பங்கேற்றனர். அவரை வளர்த்த ஹ்யேக்யொங், பின்னாளில், 1795 முதல் 1805 வரையான காலத்தில், கணவரின் சாவு உள்ளிட்ட தம் வாழ்வின் துயரங்களைத் தாமே எழுதிவைத்தார். அந்நூல் இன்று கொரிய உரைநடையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஒரே வளமனையில் இருந்த இருவருள் ஒருவர் தம் கதையை எழுதினார்; மற்றவரிடமிருந்து நமக்குக் கிடைத்திருப்பது பிறர் கதையைப் படியெடுத்த எழுத்து.

புதினமும் தொடரும் இந்தப் படியெடுப்பைத் தம் அடித்தளமாகக் கொண்டன. தொடரின் தொகிம் கதை படிப்பவள், கூலிக்குப் படியெடுப்பவள், கூட்டத்தைத் தன் குரலால் கட்டிப்போடுபவள். அவளுடைய தோழியர் மூவரும் மேற்கூறிய மூன்று பெயர்களையே தாங்கி வருகின்றனர். மன்னரின் காதல் அன்று, இத்தோழமையே அவள் வாழ்வின் மையம் என்று தொடர் தொடக்கத்திலிருந்தே நிறுவிவருகிறது. யொங்ஜோ மன்னர் சிறுமி தொகிமுக்குப் பரிசளிக்கும் நூல் ‘யொபொம்’ என்பதும் நோக்கத்தக்கது. அது சாதோவின் தாய் யொங்பின் எழுதியதாகக் கருதப்படும் பெண்டிர் ஒழுக்க நூல். கதைகளை விரும்பும் சிறுமியின் கையில் ஒழுக்க நூல் தரப்படுவதில் உள்ள முரணைத் தொடர் எவ்விடத்தும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது நன்று.

மாற்றப்பட்ட காரணம்

இதே வரலாற்றை எம்.பி.சி. முன்பே ‘யி சான்’ (2007–2008) என்ற 77 பகுதிகள் கொண்ட தொடராக்கியிருந்தது. அதில் உய்பின் ஓவியப் பணிக்கூடத்தில் ஏவல் செய்யும் பெண்ணாக வருகிறாள். குலத்தாழ்வே காதலுக்குத் தடை. அவளது மறுப்பு அக்கதையின் அச்சாக அமையவில்லை. 2021ஆம் ஆண்டுத் தொடரோ மறுப்பையே அச்சாக்கியது. காரணத்தை மட்டும் மாற்றியது.

தொடரின் தொகிம் மன்னனை விரும்புகிறாள் எனப் பார்வையாளர் அறிவர். ஆயினும் அவள் மறுக்கிறாள். பணிமகளாக இருக்கும்வரை அவளுக்கு வேலை உண்டு, ஊதியம் உண்டு, தோழியர் உண்டு, ஓய்வு நாளில் செல்லும் வழி உண்டு. துணைமனைவி ஆனால் காத்திருத்தல் ஒன்றே தொழில். உரியவள் ஒருத்தியாக இருந்துகொண்டு, உரியவராகாத ஒருவரை எதிர்நோக்குவது. இக்கணக்கு காதலின்மை அன்று. காதலின் விலையை அறிந்த தெளிவு. தொடரின் தலைப்பு சுட்டும் சிவந்த கைமுனையும் இதனையே காட்டுகிறது. பணிமகளிர் உடையின் அந்தச் சிவப்பு, அணிந்தவள் மன்னருக்கு உரியவள் என்பதன் அடையாளம். மன்னர் அவளைக் கண்டாரா இல்லையா என்பது அதற்குப் பொருட்டன்று.

இதன் கூர்மை இறுதிப் பகுதியில் வெளிப்படுகிறது. தோழி யொங்ஹி காவலன் ஒருவனைக் காதலித்ததற்காக மரண தண்டனை பெறுகிறாள். அரசமகனின் தாயான தொகிமால் அவளைக் காக்க இயலவில்லை. யொங்ஹி தன் தெரிவுக்கு வருந்தவில்லை. மன்னரின் மனைவி என்னும் உயர்நிலை எதனைத் தரவில்லை என்பதை இவ்வொரு நிகழ்வு காட்டிவிடுகிறது. தொகிம் தன் இறுதிப் பொழுதில் மன்னனை அல்லாது தோழியரைக் காண விரும்புவதும், மறுபிறவியில் தன்னைக் கண்டால் காணாததுபோல் கடந்து செல்லுமாறு மன்னனிடம் வேண்டுவதும் இதன் தொடர்ச்சியே. காதல் தொடர்களில் மறுபிறவி என்பது மீண்டும் சேர்வதற்கான வாக்குறுதியாக வருவது வழக்கம். இத்தொடர் அவ்வழக்கை விடுதலை கோரும் சொல்லாக மாற்றியது.

விடுபட்ட தண்டனை

பெண்ணுக்குக் குரல் தந்த தொடர் என்று இதனைப் பாராட்டுவதோடு நின்றுவிட இயலாது. கல்லறைக் குறிப்பில் மன்னர் ஒளிக்காமல் எழுதிய செய்தி, இசைவு பெறப் பணியாளரைத் தண்டித்தது. தொடரில் தொகிமின் இசைவு அத்தண்டனையின் விளைவாகக் காட்டப்படவில்லை. அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து, நீண்ட தயக்கத்திற்குப் பின் அவளே எடுக்கும் முடிவாகக் காட்டப்படுகிறது.

இம்மாற்றத்திற்கு இருவகை விளக்கம் கூறலாம். தொகிமின் தன்னுரிமையைக் கதையின் மையமாக்கிய பின், அவள் முடிவும் அவளுடையதாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. காதற்கதையின் நாயகன் அச்சுறுத்தி இசைவு பெற்றவனாக இருத்தல் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டாவதே வலுவானது எனத் தோன்றுகிறது. லீ ஜுன்-ஹோவின் நடிப்பில் யி சான் சினம் மிக்கவன், கடுமையானவன், தனித்தவன். ஆனால் விரும்பத்தக்கவனாகவே இறுதிவரை நிற்கிறான். முதற்பகுதியில் 5.7 விழுக்காடாக இருந்த பார்வையாளர் அளவு இறுதிப் பகுதியில் 17.4 விழுக்காடாக உயர்ந்ததில் அவ்விருப்பத்திற்கும் பங்குண்டு. விளைவாக, 18ஆம் நூற்றாண்டு மன்னர் தம்மைப் பற்றித் தாமே ஒப்புக்கொண்டதை 21ஆம் நூற்றாண்டுத் தொடர் அவருக்காக மறைத்திருக்கிறது. மறுப்பின் காரணத்தில் தொடர் ஆவணத்தை விஞ்சியது. இசைவின் காரணத்தில் ஆவணம் தொடரை விஞ்சி நிற்கிறது.

இறுதிக் காட்சி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. தொகிம் இறந்து ஆண்டுகள் பல கடந்தபின், அவள் விட்டுச்சென்ற பணிமகள் உடையை மன்னன் எடுத்துப் பார்க்கிறான். அது அத்துணைச் சிறியதாக இருப்பது அவனைத் திகைக்கவைக்கிறது. பின், சாவின் வாயிலில் காணும் கனவில், ஆணையிடுபவனாக அன்றி இரப்பவனாக அவள்முன் நின்று அன்பை வேண்டுகிறான். லீ சே-யொங்கின் தொகிம் அங்கும் உடனே இசைந்துவிடுவதில்லை. முதலில் அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறாள்.

கனவு தரும் இச்சேர்க்கை வரலாற்றில் இல்லை. ஜொங்ஜோ தம் அரசியார் ஹ்யோஉய்யுடன் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். உய்பின் தம் மகனருகே சோல் நகரின் ஹ்யோசாங் வளாகத்தில் அடக்கமானார். சப்பானிய ஆட்சியில், 1944இல், இருவர் கல்லறைகளும் சொசாம்னுங்கிற்கு மாற்றப்பட்டன. அங்கே தாயின் கல்லறை துணைமனைவியர் பகுதியில், மகனிடமிருந்து தனித்து இருக்கிறது.