வாடிக்கையாளருக்கு ஒரு மடல்

தோட்ட அலுவலகத்திற்கு வந்து சேரும் கடிதங்களைக் கிராணியார் பெயர் சொல்லி அழைத்து வழங்கிய காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தம் பெயர் அழைக்கப்பட்டதும் உண்டான மகிழ்ச்சிக்குக் காரணம், தமக்கென ஒருவர் நினைந்து எழுதினார் என்பதே. இன்று கடிதம் கைப்பேசிக்குள் மின்னஞ்சலாக வந்து சேருகின்றது. அதனைத் திறக்கும்போது அம்மகிழ்ச்சி உண்டாகின்றதா? பெரும்பாலும் இல்லை. "மாபெரும் கழிவு விலை", "இன்றே வாங்குவீர்" எனக் கூவும் அறிவிப்புகளே அங்குக் குவிந்து கிடக்கின்றன.

இந்நிலையில், சிறுதொழில் நடத்தும் நம்மவர் தம் வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு மின்மடல் எழுதிப் பயன் பெற இயலுமா எனச் சிலர் ஐயுறலாம். இயலும் என்பதே நம் கருத்து. ஆனால் அம்மடல் அறிவிப்பாக இராமல் கடிதமாக இருத்தல் வேண்டும்.

ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரம் கச்சாங் பூத்தேக்குப் பெயர் பெற்றது என்பதை அறிவோம். அத்தகைய பலகாரத் தொழிலை வீட்டிலேயே நடத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய சில வாரங்கள் இரவு பகலாக வேலை இருக்கும். பண்டிகை முடிந்ததும் அடுப்பு ஓய்ந்துவிடும். கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் ஜொகூர் பாருவிலும் இருந்து வாங்கியவர்கள் மறுபடி வாங்காததற்குக் காரணம் சுவைக் குறைவன்று, நினைவூட்டுவார் இல்லாமையே. எஞ்சிய பத்து மாதங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வீட்டு வாடகையும் எங்கிருந்து வரும் என்பதே அக்குடும்பத்தின் கவலை.

முகநூல் பக்கம் இருக்கின்றதே எனலாம். அதில் இடும் செய்தி நம்மைப் பின்தொடரும் அனைவர் கண்ணிலும் படுவதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணினியே முடிவு செய்கின்றது. கடவுச்சொல் திருட்டுப் போனால் பல்லாண்டு உழைப்பு ஒரே இரவில் கைவிட்டுப் போவதும் உண்டு. மின்னஞ்சல் முகவரிப் பட்டியலையோ ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் முகவரி கையில் இருக்கின்றது என்பதனால் மட்டும் எழுதும் உரிமை வந்துவிடாது. கேளாதவர்க்கு விளம்பரம் அனுப்பும் வழக்கம் பழையது. 1978 மே மாதத்திலேயே அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், அந்நாளைய கணினி வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிக் கண்டனத்திற்கு ஆளானார். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வாணிகத் தொடர்பில் ஒருவரின் தகவலைப் பெறுவோர், அது எதற்காக என்பதைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தெரிவித்தல் வேண்டும். இனி விளம்பரம் அனுப்ப வேண்டாம் என ஒருவர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் நிறுத்தியாக வேண்டும். ஆதலால், பலகாரம் வாங்க வருவோரிடம், "மாதம் ஒரு மடல் அனுப்புவோம், விருப்பமாயின் முகவரி தருக" என்று கேட்டுப் பெறுவதே நேரிய வழி. இவ்வாறு சேர்ந்த அறுபது பேர், விலை கொடுத்து வாங்கிய ஆறாயிரம் முகவரிகளைவிட மேலானவர்கள்.

இனி, என்ன எழுதுவது? பலர் இங்கேதான் திகைத்து, பொருள்களின் விலைப்பட்டியலையே அனுப்பிவிடுகின்றனர். நம் பலகாரக் குடும்பம் இப்படி எழுதலாம்:

"முறுக்கு மூன்றாம் நாளே நமுத்துப் போகின்றது என்று சிலர் கூறுகின்றீர்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. பொட்டலத்தைப் பிரித்துத் திறந்தே வைத்தால் முறுக்கு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிரித்தவுடன் மூடி இறுகிய டின்னுக்கு மாற்றிவிடுங்கள். நமுத்ததை எறிய வேண்டாம். இளஞ்சூட்டில் சில நிமிடம் வைத்து, நன்கு ஆறிய பின்னரே மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே எழும் ஆவியே அதனை மீண்டும் கெடுத்துவிடும். இம்மாதம் ஓமப்பொடியும் கார வேர்க்கடலையும் செய்கின்றோம். வேண்டுவோர் இம்மடலுக்கே பதில் எழுதலாம்."

இதில் விற்பனை இறுதி இரண்டு வரிகளில் மட்டுமே உள்ளது. வாங்காதவருக்கும் மடலால் ஒரு பயன் கிட்டிவிட்டது. அடுத்த மாத மடலை அவர் திறப்பது அப்பயனை நினைந்தே. பலகாரம் செய்பவர் அன்றாடம் அறிந்திருக்கும் செய்திகளில் வாங்குவோர் அறியாதவை ஏராளம்: புது அரிசி மாவுக்கும் பழைய மாவுக்கும் உள்ள வேறுபாடு, எண்ணெயின் பக்குவம், கடலை வறுபடும் பதம். ஓராண்டுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

கசப்பான செய்தியையும் மறைக்கலாகாது. 2022 சூலை 1 முதல் போத்தல் சமையல் எண்ணெய்க்கான அரசாங்க உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அத்தகைய வேளையில் சொல்லாமல் விலையை உயர்த்துவதும் பொட்டலத்தின் எடையைக் குறைப்பதும் எளிது. "எண்ணெய்ச் செலவு இவ்வளவு கூடியது, ஆகவே விலை இவ்வளவு" என்று முன்கூட்டியே எழுதுபவரிடம் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வதில்லை.

தலைப்பு வரியில் மடலின் உள்ளடக்கத்தையே சுருக்கமாகச் சொல்லுக. "முறுக்கு நமுத்துப் போவது ஏன்?" என்பது போதும். இல்லாத அவசரத்தை உண்டாக்கும் தலைப்பு ஒருமுறை திறக்க வைக்கும், மறுமுறை வைக்காது. வாங்குவோரில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பின் எளிய மலாய் மொழியில் தனி மடல் எழுதுக. மாதம் ஒன்று போதும். தீபாவளிக்கு முன் மட்டும், முன்பதிவுக்கான கடைசி நாளைத் தெரிவிக்க இன்னொன்று அனுப்பலாம்.

அனுப்பும் முறையில் ஓர் எச்சரிக்கை. எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் நிரப்பி அனுப்பினால் ஒவ்வொருவர் முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். மடல் அனுப்புவதற்கென்றே உள்ள சேவைகளைப் பயன்படுத்துவது நன்று. ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகுவதற்கான இணைப்பை அவையே சேர்த்துவிடும். அவ்விணைப்பை ஒளிப்பது பேதைமை. விலக வழி காணாதவர் "குப்பை அஞ்சல்" எனும் பொத்தானை அழுத்திவிடுவார். அத்தகைய குறைகூறல் ஆயிரத்திற்கு மூன்றை எட்டாதிருக்க வேண்டும் என்பது ஜிமெயிலின் விதி. 300 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் அழுத்தினாலும் அவ்வளவு தாண்டிவிடுகின்றது.

எத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்று அச்சேவைகள் காட்டும் எண்ணிக்கையை மிகுதியாக நம்ப வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2021இல் கொணர்ந்த மறைப்பு ஏற்பாட்டால், பெறுநர் திறவாத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகின்றது. வந்த பதில்களையும் ஆர்டர்களையும் எண்ணுவதே உறுதியான கணக்கு. பதில் எழுதியவருக்கு அன்றே, பெயர் குறிப்பிட்டு, மறுமொழி எழுதிவிட வேண்டும். தட்டச்சுப் பழக்கம் இல்லாத தாய்மார் சொல்லச் சொல்ல, வீட்டிலுள்ள இளையோர் எழுதலாம்; தாயார் சொன்ன சொற்களை அவர்கள் மாற்றாமல் இருந்தால் சரி.